திரும்பும் பயணம் பாடத்தில் இல்லை

எங்கள் கொம்பாடிக்குளத்தில் பால் கெடாமல் போனதும், கரண்ட் போகாமல் நின்றதும், ரேஷன் கடை வரிசையில் ஒருவர்கூட இடையில் புகாமல் இருந்ததும் எந்தச் சாமியாலும் அல்ல, எந்தக் கட்சியாலும் அல்ல, பொட்டலோரம் நிற்கிற எஞ்சினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகளால்தான் என்பதை இப்போது எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஒத்துக்கொள்ளாதவர் தங்கப்பழம் ஒருவர்தான். அவர் பேரூராட்சித் தலைவர். தனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு நல்லது நடந்தது என்று சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

அந்த வகுப்புக்கு மென்பொருள் வடிவமைப்புப் பாடம் எடுத்தவர் ஹெப்சிபா மேடம். வாரத்துக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். டீ போடுகிற மிஷினுக்கு மென்பொருளை எப்படி அமைப்பாய், லிப்டுக்கு எப்படி அமைப்பாய் என்று ஒரு பத்தியில் கேள்வி இருக்கும். பிள்ளைகள் பெட்டி பெட்டியாக வரைந்து, எந்தப் பெட்டி எந்தப் பெட்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, படத்துக்கு மேலே, நாங்கள் இன்னின்னதை இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம் என 'அஸ்யூம்' என்ற சொல்லில் தொடங்கிச் சில வரிகள் எழுத வேண்டும். கஷ்டமான சங்கதி எது வந்தாலும் அதை அந்தச் சில வரிகளுக்குள் தள்ளிவிட்டால் படம் சுளுவாக முடிந்துவிடும் என்பதை எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போல எங்கள் பிள்ளைகளும் கண்டுபிடித்திருந்தார்கள். அதையும் எல்லோரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஒருவன் கண்டுபிடித்தால் போதும். முதல் மார்க் வாங்குகிற லிங்கதுரை வீட்டில் எழுதிக்கொண்டு வருவான், அவன் தாளைப் பார்த்து அடுத்த பெஞ்சு எழுதும், அந்தத் தாளைப் பார்த்து அதற்கடுத்த பெஞ்சு எழுதும், முதல் மணி அடிக்கும்போது கடைசிப் பெஞ்சு வரைக்கும் ஒரே தாள், பெயர் மட்டும் வேறு வேறாக மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஒரு வகுப்பு முழுக்க ஒரே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுநாள் விடியும்போது அந்த வரி ஊருக்குள் உண்மையாகியிருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. போடவில்லை என்பதற்காக நடக்காமல் இருக்கவில்லை. டீ மிஷின் பயிற்சியில் பால் கெடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள், மறுநாளிலிருந்து எங்கள் ஊர்ப் பால் வெயிலில் வைத்தாலும் கெடவில்லை, உறை ஊற்றினாலும் தயிராகவில்லை, கல்யாண வீட்டு மோருக்குப் பக்கத்து ஊருக்குத் தூக்குவாளியோடு ஆள் அனுப்பினோம். லிப்ட் பயிற்சியில் கரண்ட் எப்போதும் உண்டு என்று வைத்துக்கொண்டார்கள். லிப்ட் வைக்கிற உயரத்துக்கு எங்கள் ஊரில் கட்டடமே கிடையாது, ஆனால் அன்றிலிருந்து காற்றடித்தாலும் மழை பெய்தாலும் ஒரு பல்புகூடக் கண்சிமிட்டவில்லை. பேங்க் வரிசைப் பயிற்சியில் யாரும் இடையில் புகுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் முழங்கையால் இடித்து முன்னே போனவர்கள், போய்ச் சேர்ந்து பார்த்தால் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாங்கள் இதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டோம். நல்லது நடந்தால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஊர் இல்லை இது. டீக்கடையில் அந்தப் பாடத்தின் சிலபஸை நகலெடுத்து ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அடுத்த வாரம் லைப்ரரி, அதற்கடுத்து பஸ் என்று வாய்ப்பாடாகச் சொன்னார்கள். வாழைத்தாரும் கொழுக்கட்டையும் எடுத்துக்கொண்டு ஹெப்சிபா மேடத்தைப் பார்க்கப் போனார்கள். "எங்க கெணத்துல தண்ணி கெடக்குன்னு பிள்ளைகள ஒரு அசூம் போடச் சொல்லுங்கம்மா" என்றார்கள். "சிலபஸ்ல கிணறு இல்லீங்க" என்று மேடம் சொன்னபோது, அடுத்த தேர்தலில் சிலபஸில் கிணறு கொண்டுவருபவருக்கே ஓட்டு என்று ஒரு கோஷ்டி அங்கேயே முடிவு செய்துவிட்டு எழுந்தது.

பஸ் வாரம் வந்தது. ஊருக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் இடையே ஓடுகிற டவுன் பஸ் ஒன்றுக்கு மென்பொருள் வடிவமைக்கச் சொல்லிக் கேள்வி. லிங்கதுரை எழுதினான்: பஸ் நேரத்துக்கு வரும், ஏறுகிற எல்லோருக்கும் உட்கார இடம் உண்டு, ரோட்டில் பள்ளம் இல்லை, திரும்பும் பயணம் இந்தப் பயிற்சியில் இல்லை. கடைசி வரியை அவன் எழுதியதற்கு ஒரே காரணம், திரும்பி வருகிற அம்பைப் போட்டால் அது மற்ற அம்புகளை வெட்டிக்கொண்டு போய்ப் படம் அசிங்கமாக இருந்ததுதான். வகுப்பு அதை அப்படியே எழுதியது. இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரம்மசக்தியும், ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் பேனாவுமாக, ஒரு வரியையும் படிக்காமல் எல்லா வரியையும் எழுதினாள்.

பிரம்மசக்தியைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை, ஏனென்றால் அவள் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வீட்டில் அவளும் அவள் அம்மா பாக்கியத்தாயும் மட்டும். பாக்கியத்தாய்க்கு ஜங்ஷனில் ஒரு ஹோட்டலில் இட்லி அவிக்கிற வேலை. விடியக்காலை முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். மறுநாள் காலை பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது, ஏறியவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள், ரோடு தண்ணீர்போலக் கிடந்தது, பெண்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் வரவில்லை. தாமதம் என்று சொல்ல முடியாது, நேரத்துக்கு வரும் என்று எழுதியாகிவிட்டது. வர வேண்டிய பஸ் என்று ஒன்றே இல்லை. மறுநாள் காலையில் புத்தம் புதிதாக ஒரு பஸ், யாரும் முன்பின் பார்த்திராத டிரைவரோடும் கண்டக்டரோடும், ஸ்டாண்டில் நேரத்துக்கு நின்றது. அதில் ஏறிப் போனவர்களும் வரவில்லை. ஜங்ஷனில் கடைசி ஆள் இறங்கியதும் வண்டி அங்கேயே இல்லாமல் போய்விடுகிறது என்று போனில் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து வந்தவர்கள், பாதி வழியில் பெயர்ப்பலகையைப் பார்த்தால் அது ஜங்ஷன் என்று காட்டியது. நடந்து வந்தவர்களுக்கும் அதே கதைதான். போன் மட்டும் தங்குதடையில்லாமல் பேசியது, ஏனென்றால் போனைப் பற்றி அந்தத் தாளில் யாரும் எதுவும் எழுதவில்லை.

"ஏட்டி, நீ ஏறி வந்துராத" என்று பாக்கியத்தாய் தினமும் சொன்னாள். "நான் ஹோட்டல்லயே ஒரு மூலையில படுத்துக்கிடுதேன். நீயும் வந்துட்டேன்னா பொறவு அங்க யாரு இருக்கா?"

"நீ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா."

"படிக்க வேல இருக்குல்லா, படி."

பிரம்மசக்திக்கு ஏறிப் போய்விடலாம் என்று தினமும் தோன்றியது. ஆனால் அவள் போய்விட்டால் வகுப்பில் ஓர் ஆள் குறையும், வகுப்பு முழுக்கச் சேர்ந்து எழுதாமல் எந்த வரியும் மாறாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் என்கிற தேர்வாளர் வந்து பயிற்சித் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு கமாவைக்கூட மாற்ற முடியாது. அம்மா அவளுக்குப் போனில் மட்டும் இருக்கிற அம்மாவாகவே நின்றுபோவாள்.

வகுப்பு முதலில் தனக்குத் தெரிந்த வழியில்தான் போனது. படம் எதற்கு, இன்னும் ஒரு வரி போட்டால் போயிற்று என்று, பயணிகள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம் என்று லிங்கதுரை எழுத, பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்தபோது அம்மா வந்துவிட்டாள் என்பது பிரம்மசக்திக்குக் கண்விழிக்கும் முன்பே தெரிந்திருந்தது. மனசு நிறைந்து, படுத்தபடியே அடுப்பங்கரையைப் பார்த்துப் பேசினாள். சட்னி வேண்டாம் என்றாள், மேடம் திட்டியதைச் சொன்னாள், அம்மா பதில் சொல்லாதது கோபத்தினால் என்று நினைத்துக் கொஞ்சிப் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. அம்மா என்று காட்டியது.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"அதான் ஒங்கிட்டயே பேசிக்கிட்டு இருக்கேன்லா?"

"எங்கிட்டயா? நான் இங்க ஹோட்டல் வாசல்ல நிக்கேன். நீ யாருகிட்டட்டி பேசுத?"

எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பில் நேற்றைய சாம்பல் கிடந்தது. திரும்பும் பயணம் இல்லை என்ற பழைய வரி அப்படியே நின்றதால், புது வரி ஆட்களைக் கொண்டுவரவில்லை, வந்துவிட்டார்கள் என்ற நினைப்பை மட்டும் கொண்டுவந்திருந்தது. அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி அழுதாள், ஆனால் தெரு வந்து எட்டிப் பார்க்கவில்லை, ஏனென்றால் பாதி வீடுகளில் இல்லாதவர்களுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டு, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று செல்லமாகக் கடிந்துகொண்டிருந்தார்கள். அழுது முடித்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது எங்கள் ஊர் பார்க்காத கோபம். வீடு வீடாகப் போய், அவரவர் போனை எடுத்து அவரவர் கையில் கொடுத்து, போட்டுப் பேசு, எங்கே இருக்காகன்னு கேளு என்றாள். பேசினவர்கள் தட்டைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், வாய்விட்டு அழுதார்கள். ஹெப்சிபா மேடம் அந்த வரி எழுதிய தாள்களை அன்றைக்கே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வச்சுக்கிட்டா வராது மேடம்" என்றாள் பிரம்மசக்தி. "வரைஞ்சாத்தான் வரும். பஸ் பயிற்சிய முதல்ல இருந்து போடுதோம். ஒரு அசூமும் கிடையாது."

"ஒண்ணுகூட இல்லாம யாரும் இதுவரை போட்டதில்லையேம்மா."

"நாங்க போடுதோம்."

சனிக்கிழமை காலையில் காலேஜ் டிராயிங் ஹாலைத் திறந்துவிட்டார்கள். நீள மேஜைகளில் சார்ட் பேப்பரை ஒட்டி விரித்துப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், ஊர் வாசலில் நின்றது, பிறகு ஊரும் உள்ளே வந்துவிட்டது. வருகிற பஸ்ஸை வரைய வேண்டுமென்றால் வருகிறவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இத்தனை நாள் அடுத்தவன் தாளைத் தவிர எதையும் பார்க்காத பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார்கள், ஊர் சொல்லிக்கொண்டே போனது. என் மாமனார் ஏறினதும் தூங்கிப்போவார், எழுப்பிவிடணும். என் மகள் கைப்பிள்ளையோடு வருவாள், பிள்ளை வாந்தியெடுக்கும், ஓரத்தில் நிறுத்தணும். என் தம்பி ஜங்ஷனில் தடம் மாறி வேறு பஸ்ஸில் ஏறிவிடுவான். எங்க அத்தை, பை ஒன்றை விட்டுவிட்டு இறங்கி, பஸ் கிளம்பின பிறகு கத்துவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அம்பு, அம்பு அம்பை வெட்டிக்கொண்டு போயிற்று, படம் அசிங்கமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

தங்கப்பழம்தான் எழுந்தார். "பள்ளமே இல்லாத ரோடு எங்க ஆட்சியில இப்பத்தான் வந்திருக்கு. அசூம எடுத்துட்டா ரோடு பழையபடி ஆயிரும், பஸ் நேரத்துக்கு வராது, நின்னுக்கிட்டுத்தான் போவணும். கொஞ்சப் பேரு அங்க இருக்காகங்கறதுக்காக ஊரே குலுங்கணுமா? போன்ல பேசிக்கிடலாம்லா?"

"சரி தலைவரே" என்றாள் பிரம்மசக்தி. "அவ்வளவு நல்ல பஸ்ஸுன்னா நாளைக்குக் காலையில அதுல ஏறி ஜங்ஷன் வரைக்கும் போங்க. மிச்சத்தப் போன்லயே பேசிக்கிடுவோம்."

ஹால் சிரித்தது. தங்கப்பழம் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த பஸ் நேரத்துக்கு வருவதைப் பற்றி எல்லா மேடையிலும் பேசியவர், ஒரு நாளும் அதில் ஏறவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மத்தியானத்துக்குள் படம் முடிகிற மாதிரி வந்தது. எல்லோரும் பேனாவை எடுத்தார்கள், லிங்கதுரை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான்.

"ஏல, ஒன் பேனாதான் பாக்கி."

"நான் எழுத மாட்டேன் சக்தி."

அவள் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் அப்பாவும் அந்த பஸ்ஸில்தான் போயிருந்தார். "எங்கப்பா குடிச்சிட்டு வந்து அடிக்கிறது ஊருக்கே தெரியும். அந்த வரிய நான் வேணும்னு எழுதல, சத்தியமா படத்துக்காகத்தான் எழுதுனேன். ஆனா இப்ப எங்கம்மா தூங்குதா சக்தி. சமைக்கையில பாடுதா. எங்கம்மா பாடுவான்னே எனக்குத் தெரியாது."

அவனை அடிக்கலாம் என்றுதான் அவள் வந்தாள். முதல் தடவையாக அவள் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்காமல் வெளியே வந்தது. "எங்கம்மா ஹோட்டல் மூலையில படுத்துக் கெடக்காலே."

"தெரியும். ஒரு கண்டிஷன் போடு. எங்கப்பா பேர எழுதி, இவர ஏத்தாதேன்னு பஸ்ஸுக்குச் சொல்லு. நான் கையெழுத்துப் போடுதேன்."

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய் பஸ் பெட்டிக்குள் ஏற்றக்கூடாதவர் என்று ஓர் இடம் பிரித்து, அந்தப் பெயரை எழுதினாள். எழுதிய மை காயவில்லை, ஒரு மாமியார் வந்து மருமகள் பெயரைச் சொன்னாள். ஒருவர் வேறு சாதியில் கட்டிக்கொண்டு ஜங்ஷனில் குடியிருக்கிற தங்கையின் பெயரைச் சொன்னார், அவள் இங்கே வரப்போவதாக யாரும் சொல்லவேயில்லை. கட்சி மாறினவன், கேஸ் போட்டவன், பங்கு கேட்டவன் என்று ஆள் ஆளாக வந்தார்கள், வருகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது கூட்டம் அதிகமாக இருந்தது. கடைசியில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, குழாயடிச் சண்டை ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி, "பாக்கியத்தாய்" என்றாள்.

பிரம்மசக்தி பேனாவை மூடினாள். தான் பிரித்துக் கொடுத்த இடத்தில் தன் அம்மா பெயரே வந்து நிற்கிறது என்றால் பிழை பக்கத்து வீட்டுக்காரியிடம் இல்லை, இடம் பிரித்ததில் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கோடு போட்டு அடித்தாள்.

"ஏத்தக்கூடாத ஆளுன்னு யாரும் கெடையாது" என்றாள், இப்போது எப்போதும் போல எல்லாத் தெருவுக்கும் கேட்கும்படி. "பஸ்ஸோட வேலை போனவுகளக் கொண்டாந்து ஸ்டாண்டுல எறக்கி விடுறது. அவ்வளவுதான். யாரு வீட்டுக்குள்ள யாரு வரணும்னு பாக்குறது பஸ்ஸோட வேலை இல்ல."

"அப்ப யாரு வேலை?" என்றான் லிங்கதுரை.

அவள் சார்ட்டின் அந்தக் கோடிக்குப் போய், பஸ் பெட்டிக்கு எவ்வளவு தூரத்தில் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வீடு என்று ஒரு தனிப் பெட்டி போட்டாள். வீட்டுக்குள் கதவு. கதவுக்குள் ஒரே ஒரு விதி: உள்ளே இருப்பவர் மனசு ஒப்பினால்தான் திறக்கும், வெளியே இருப்பவர் தட்டினாலும் உதைத்தாலும் திறக்காது. பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு அம்பு போடவில்லை.

"எங்கம்மா தொறக்கலேன்னா?"

"தொறக்காது."

"எங்கப்பா எத்தன பலமா ஒதச்சாலும்?"

"படத்துல ஒதைக்கு அம்பே இல்லல, பாரு."

அவன் நெடுநேரம் பார்த்தான். விரலை வைத்து ஒவ்வொரு அம்பாகத் தொட்டுக்கொண்டு போய், கதவில் வந்து நிறுத்தினான். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒரு பெட்டிக்கு ஒரு வேலைதான், இதைத்தான் நான் போன மாசம் பூராவும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன், யாராவது கேட்டீர்களா என்றார். பெயர் சொல்ல வந்தவர்கள், உனக்குப் பிடிக்காதென்றால் உன் கதவை நீ பார்த்துக்கொள் என்று ஆனதும், முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதும் ஒரே படத்தை எழுதி முடித்தது, இந்தத் தடவை எல்லோருக்கும் தாங்கள் என்ன எழுதினோம் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் பள்ளங்கள் விழுந்திருந்தன, எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே, ஒன்று விடாமல். பஸ் நாலு மணிக்கு வர வேண்டும், வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. வீட்டுக்கு ஓர் ஆளை விட்டுவிட்டு மிச்ச ஊர் முழுக்க ஸ்டாண்டில் நின்றது, பஸ் தாமதமாகிறது என்பதில் எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, தாமதமாகிறது என்றால் வர வேண்டிய பஸ் என்று ஒன்று இருக்கிறதே. பொழுது சாய்கிற நேரத்தில் கண்மாய்க்கரை வளைவில் புழுதி கிளம்பியது, பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும்பி வந்தது வண்டி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஆட்கள், பழைய டிரைவர், பழைய கண்டக்டர், நாங்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கைதட்டினோம்.

இறங்கினார்கள். தூங்கிப்போன மாமனாரைக் கண்டக்டர் எழுப்பிவிட்டார். கைப்பிள்ளை பெட்டியில் எழுதியிருந்தபடியே வாந்தியெடுத்திருந்தது. லிங்கதுரையின் அப்பா இறங்கி, யாரையும் பார்க்காமல், காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்து போனார். கடைசியில் பாக்கியத்தாய் இறங்கினாள். மெலிந்திருந்தாள், கூந்தலில் எண்ணெய் இல்லை, நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். பிரம்மசக்தி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"விடுட்டி, வேர்வ நாத்தம்" என்றாள் பாக்கியத்தாய், தானும் விடாமல்.

வீட்டுக்கு நடந்தார்கள். பிரம்மசக்தி சாவியைப் போட்டுத் திருப்பினாள், பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பிறகு அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் மனசு ஒப்பினால்தான் திறக்கும் என்று அவள்தான் எழுதினாள். ஊரில் எல்லார் வீட்டையும் கேட்டுக் கேட்டு வரைந்தவளுக்கு, தன் வீட்டில் தாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றால் உள்ளே யாரும் இல்லை என்பது தோன்றவே இல்லை.

"அம்மா, நாளைக்குக் காலையில எக்ஸ்டர்னல் வாறதுக்குள்ள வகுப்பு முழுக்கச் சேந்து ஒரு வரி சேத்துருவோம்" என்றாள்.

"இன்னிக்கு ராத்திரிக்கு?"

இரண்டு தெரு தள்ளி லிங்கதுரையின் வீடு. அங்கே அவன் அப்பா வாசலில் நின்றிருந்தார். தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார், உதைத்திருக்கிறார், காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கதவு சும்மா இருந்தது. பிரம்மசக்தி கொஞ்சம் பயந்து நின்றாள், பாக்கியத்தாய் நிற்கவில்லை, அவரைத் தாண்டிப் போய், லிங்கதுரையின் அம்மாவைக் கூப்பிட்டு, "சுயம்புக்கனி, நாந்தான் பாக்கியம், எங்க வீட்டுக் கதவு தொறக்கல" என்றாள், அவ்வளவுதான், தொடக்கூட இல்லை, கதவு திறந்தது. அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அவரும் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கியபடி இருக்க, கதவு மூடிக்கொண்டது.

உள்ளே லிங்கதுரை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சுயம்புக்கனி கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது திறக்கிறதா என்று பார்க்கிற மாதிரியும் இருந்தது, தன் மனசைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது. பிறகு ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி, ஜன்னல் கம்பிக்கு நடுவே பக்குவமாகச் சாய்த்து வெளியே நீட்டினாள். வெளியே ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"அவிய திரும்பி வந்துட்டாவளே" என்று பாக்கியத்தாய் மெதுவாகச் சொன்னாள்.

"பஸ்ஸுல வந்துட்டாவ" என்றாள் சுயம்புக்கனி. "வீட்டுக்கு இன்னும் வரல." சொல்லிவிட்டு, நீ ஒக்காரு பாக்கியம், முழங்காலு வலிக்கும் என்று, அவளுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.